சுவர் வெட்டும் தூசு

வீட்டில் ஒயரிங் வேலை செய்ய வரும் மின்பணியாளரைக் குறித்து நாம் அஞ்சுவது ஒன்றே ஒன்று: அவர் உடலில் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதே என்பது. நியாயமான அச்சமே. மெயினை நிறுத்தினாயா, டெஸ்டர் வைத்துப் பார்த்தாயா, காலில் செருப்பு இருக்கிறதா என்று வீட்டுப் பாட்டிமாரும் கேட்பர். ஆனால் அதே மனிதர் காலை முதல் மாலை வரை எதைச் சுவாசிக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. மின் அதிர்ச்சி நொடிப்பொழுதில் உயிரைப் பறிக்கும். தூசு பத்தாண்டு, இருபதாண்டு கழித்தே தன் வேலையைக் காட்டும். அந்நாளில் அவர் வெட்டிய சுவர் எது, வேலை கொடுத்தவர் யார் என்பது ஒருவர் நினைவிலும் இராது.

செங்கல்பட்டு மாவட்டத்தாராகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்களை நோக்கிச் செல்லும் வழியெங்கும் சிற்பக்கூடங்களைக் கண்டிருக்கிறோம். பல்லவர் காலத்துச் சிற்பி உளியும் சுத்தியும் கொண்டு செதுக்கினார்; தெறித்தவற்றுள் சில்லுகளே மிகுதி. இன்று அதே கருங்கல்லை, நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 முறை சுழலும் கட்டிங் மெஷின் மாவாக அரைக்கிறது. அருகே நிற்கும் சிற்பியின் மீசையும் இமைகளும் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, சிலையின் விலையைப் பேசித் திரும்புகிறோம். கல் வெட்டுவோரின் மார்பு நோய் புதிதாக வந்ததன்று. 1700-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, தொழில்களால் விளையும் நோய்களைப் பற்றி எழுதிய நூலிலேயே கல்வெட்டுவோருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியிடம் அவருடைய தொழில் யாதெனக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு வற்புறுத்தியவரும் அவரே.

மின்பணியாளரின் கையிலும் இருப்பது அதே மெஷின்தான். பைப் பதிப்பதற்குச் சுவரில் காடி வெட்டும்போது அவர் அரைப்பது செங்கல்லையும் சிமெண்ட் பூச்சையும் கான்கிரீட்டையும். மணலில் உள்ள குவார்ட்ஸ் இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆற்று மணலுக்குப் பதிலாக வந்துள்ள எம்-சாண்டும் கல்லை உடைத்துச் செய்ததே. சிற்பியின் கூடத்திலாவது கடற்காற்று ஓரளவு தூசை வாரிச் செல்லும். மின்பணியாளரோ பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் நிற்கிறார். பக்கத்து அறைக்குத் தூசு பரவாதிருக்கக் கதவையும் சாத்திவிடுகிறோம்! வீட்டுப் பொருள்களின் மேல் நமக்குள்ள கரிசனம் அத்தகையது.

கண்ணுக்குத் தெரியும் தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். தீங்கு செய்வது, ஒரு மில்லிமீட்டரை 250 கூறிட்டால் வரும் ஒரு கூறு அளவும், அதனினும் சிறியதுமான துகள். அறையில் புகை அடங்கிவிட்டது என்று நாம் எண்ணிய பிறகும் அது நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். நுரையீரலின் அடிவரை சென்று தங்கிய இடத்தில் தழும்பை உண்டாக்கும். தழும்பேறிய நுரையீரல் விரிய இயலாமற் போவதையே சிலிக்கோசிஸ் என்கின்றனர். அத்தழும்பை மாற்றும் மருந்து இதுவரை இல்லை. குவார்ட்ஸ் தூசு நுரையீரற் புற்றுநோய்க்கும் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் உறுதி கூறியது.

சிலிக்கோசிஸின் எக்ஸ்ரே படம் சில வேளைகளில் காசநோயின் படத்தைப் போன்றே தோன்றும். போதாக்குறைக்கு, சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆதலின் ஒன்றை மற்றொன்றாகக் கருதி, மாதக்கணக்கில் மாத்திரை உண்டு, மீண்டும் அதே தூசுக்குள் சென்று நிற்போர் உண்டு. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளது. அங்குச் செல்லும் மின்பணியாளர் “எலக்ட்ரீஷியன்” என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குத் தூசு நினைவிற்கு வராது. “பன்னிரண்டு ஆண்டுகளாக மெஷின் பிடித்துச் சுவர் வெட்டுகிறேன்” என்று சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைப் பருவத்தில் சிலேட்டில் எழுதிய குச்சிகளை வாசகர் பலர் மறந்திரார். மத்தியப் பிரதேசத்து மந்தசௌரில் அக்குச்சிகளை மெஷினில் அறுத்துக் கொடுத்த தொழிலாளர்கள் இளவயதிலேயே இந்நோய்க்கு இரையாயினர். பின்னர் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் ஆய்ந்து, தூசை அறுக்கும் இடத்திலேயே உறிஞ்சியெடுக்கும் முறையை வகுத்துத் தந்தனர். ஆஸ்திரேலியாவிலோ, சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கற்பலகையை அறுத்த இளைஞர்கள் நோயுறக் கண்டு, 2024 ஜூலை 1 முதல் அப்பலகையையே தடை செய்துவிட்டனர்.

தடுக்கும் வழிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முகமூடியை அவ்வரிசையின் கடைசியில் வைக்க வேண்டும் என்பதே நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புவது. நம் ஊரிலோ அதுவே முதலும் முடிவுமாக இருக்கிறது. அதுவும் கழுத்தில் கிடக்கும் ஒரு கைக்குட்டை!

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, இச்சுவரை வெட்டத்தான் வேண்டுமா என்பது. புது வீடாயின், எந்தச் சுவரில் எந்த சுவிட்ச் என்பதைப் பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்தால் வெட்ட வேண்டியதில் பெரும்பகுதி குறைந்துவிடும். பூச்செல்லாம் முடிந்த பிறகு “இங்கே ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும்” என்று கூறும் குடும்பத் தலைவர், ஒரு மனிதரை மீண்டும் தூசுக்குள் அனுப்புகிறார். பழைய வீட்டில் சுவரின் மேலாகக் கேசிங் பட்டை ஓட்டினால் என்ன? அழகு சற்றுக் குறையலாம்; அவ்வளவே.

வெட்டியே தீர வேண்டுமெனில், தூசு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். உறைமூடியும் உறிஞ்சும் குழாயும் பொருத்திய காடி மெஷின்கள் உள்ளன. சிறு ஒப்பந்தக்காரர் ஒருவரே வாங்குவது கடினம். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி முறை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் சொரிந்து வெட்டுவதும் தூசை வெகுவாகக் குறைக்கும். ஆனால் மின்சார மெஷினும் நீரும் ஒருங்கே சேரும் ஆபத்து அதில் உண்டு. ஈரத்தில் வெட்டுவதற்கென அமைந்த மெஷினும், 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் அதைச் செய்யலாகாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும். வெட்டும்போது உதவியாளாக வந்த சிறு பையன் வெளியே நிற்கட்டும். இவற்றுக்குப் பிறகே முகமூடி. அதுவும் கொரோனா காலத்தில் நாம் அறிந்துகொண்ட என்-95 வகை, இடைவெளியின்றி முகத்தில் பொருந்துவதாக. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது மறுபடியும் எழும்பும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

இதற்கெல்லாம் ஆகும் செலவை யார் ஏற்பது? கோட்டேஷன் கேட்கும்போது குறைந்த தொகை கூறுபவரையே தேர்ந்தெடுக்கிறோம். அக்குறைவு எதை விட்டுவிட்டதால் வந்தது என்று ஒரு முறையேனும் கேட்கலாமே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. நம் வீடு தொழிற்சாலையன்று. நாட்கூலிக்கு வருபவரின் நுரையீரலைக் கணக்கில் வைக்க அங்கே மேற்பார்வையாளரும் இல்லை, பதிவேடும் இல்லை.

கடலோரத்தில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஓலைக்குப் பதிலாகக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த வீடுகளும் கொட்டகைகளும் ஏன், பங்கு மண்டபங்களும் இப்பக்கம் பல. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாமல்லபுரத்தருகே கரை கடந்த மாண்டஸ் போன்ற புயல்களுக்குப் பின், உடைந்த கூரைக்கடியில் ஒயரை மாற்றுவது மின்பணியாளரின் வேலையாகிறது. கிளாம்பு மாட்ட அந்தச் சீட்டில் டிரில் போடுவதும் அதை அறுப்பதும் கண்ணுக்குத் தெரியாத நாரிழைகளைக் காற்றில் விடும். அவற்றால் வரும் புற்றுநோய் முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். 1995-இல் நம் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை, பணி தொடங்கியது முதல் 40 ஆண்டுகளோ பணி விட்டபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்குமாறு ஆலைகளுக்குக் கட்டளையிட்டது. நோய் எத்துணை மெதுவானது என்பதற்கு அக்கட்டளையே சான்று. கூடியவரை சீட்டைத் தொடாமல் மரச்சட்டத்திலோ இரும்புக் குழாயிலோ கிளாம்பை மாட்டுவது நலம். உடைந்த துண்டை அகற்ற நேர்ந்தால் நனைத்து, முழுதாக எடுத்து, பையிற் கட்டி வைக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடைந்த டியூப் லைட்டில் பாதரசம் உண்டு. சன்னலைத் திறந்துவைத்து வெளியேறி, சற்று நேரம் கழித்து வந்து அட்டையால் அள்ள வேண்டும். எல்.இ.டி. விளக்கு வந்தபின் டியூபை மாற்றிவிடுவதே எளிய வழி. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் அதைக் காற்றில்லாத மூலையில் அடைத்து வைக்கலாகாது. புயல் நாட்களில் மாடிப்படிக்கடியில் ஓடும் ஜெனரேட்டர் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அது தூசைப்போல் காத்திராது, அன்றிரவே கொன்றுவிடும். செம்பு எடுப்பதற்காகப் பழைய ஒயரை எரிக்கும் புகையும் நஞ்சே. அதனைச் சூழ்ந்து வேடிக்கை பார்ப்பவர் சிறுவர் என்பதுதான் வேதனை.

மின்பணியாளரின் இல்லத்தாருக்கும் ஒரு சொல். 1965-இல் லண்டனில் நடந்த ஆய்வொன்றில், ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் ஒருநாளும் கால் வைக்காத பெண்களிடமும் அப்புற்றுநோய் காணப்பட்டது. ஆலைக்குச் சென்றவர்களின் ஆடையைத் துவைத்தவர்கள் அவர்கள். மாலையில் வீடு திரும்புபவர் வேலைச் சட்டையை வாசலுக்கு வெளியே களையட்டும். அதை உதறாமல் அப்படியே வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பிள்ளைகளின் துணியோடு கலவாமல் தனியே அலசுங்கள்.