ஊழியருக்குக் கெடு வைத்தார்கள், வகுப்பறைக்கு வைக்கவில்லை

2021 அக்டோபரில் நியூசிலாந்தின் பள்ளிப் பணியாளர்களுக்கு ஒரு கெடு விதிக்கப்பட்டது. நவம்பர் 15ஆம் தேதிக்குள் முதல் கொரோனா தடுப்பூசி, 2022 ஜனவரி முதல் தேதிக்குள் இரண்டாவது. போட்டுக்கொள்ளாதவர் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்ய முடியாது. அந்த முதல் கெடு முடிந்த இரண்டாம் நாள், நவம்பர் 17 அன்று, மூன்று மாதமாக வீட்டில் அடைந்து கிடந்த ஆக்லாந்தின் 1 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. 5 முதல் 11 வயது வரையுள்ளவர்களுக்கு அது 2022 ஜனவரி 17 அன்றுதான் தொடங்கியது. பணியாளர்களாகிய நாங்கள் கெடுவுக்குக் கட்டுப்பட்டோம். கட்டுப்பட மறுத்த சிலர் வேலையை இழந்தார்கள். ஆனால் நாங்கள் நின்று பாடம் நடத்திய அறைக்கு எந்தக் கெடுவும் விதிக்கப்படவில்லை. அந்த அறையின் காற்றை யார் அளப்பது, அது கெட்டிருந்தால் எந்தத் தேதிக்குள் யார் சரிசெய்வது என்று சொல்லும் உத்தரவு எதுவும் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரைதான் வந்தது.

அந்த நிலை இன்றும் மாறவில்லை என்பதே ஆக்லாந்துப் பள்ளிகளிலும் மழலையர் மையங்களிலும் வேலை செய்யும் எங்களுடைய குறை. நாங்கள் என்று சொல்லும்போது கரும்பலகை முன் நிற்பவர்களை மட்டும் சொல்லவில்லை. தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவும் டீச்சர் எய்டுகள், ஆள் இல்லாத நாளில் அழைக்கப்படும் ரிலீவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், மாலையில் வகுப்பறைகளைக் கழுவித் துடைப்பவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறோம். சாண்ட்ரிங்ஹாமிலும் மவுண்ட் ரோஸ்கில்லிலும் குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர், ஊரில் பட்டம் பெற்று இங்கே வந்தவர்கள், இந்த வேலைகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டில் பெரும்பாலும் ஒரு மாமியாரோ வயதான அப்பாவோ இருப்பார்.

தொற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற கவலை தொடங்கிய நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2020 மார்ச் 22 அன்று மவுண்ட் ஆல்பர்ட்டில் உள்ள மாரிஸ்ட் காலேஜ் என்னும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது என்ற செய்தி வந்தது. அந்தப் பள்ளியோடு தொடர்புடைய தொற்று 90 பேருக்கு மேல் பரவி, நாட்டின் மிகப் பெரிய தொற்றுக் கூட்டங்களில் ஒன்றாயிற்று. பள்ளி என்பது தொற்று வந்து போகும் இடம் மட்டுமல்ல, பெருகும் இடமும் ஆகலாம் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் பாபடோய்டோய் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றித் தொற்று பரவியபோது ஆக்லாந்து இரண்டு முறை முடக்கத்துக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 இரவு டெல்டா வகையால் நாடு முழுவதும் முடங்கியது. மற்ற ஊர்கள் சில வாரங்களில் மூச்சு விட்டன. ஆக்லாந்தின் முடக்கம் டிசம்பர் தொடக்கம் வரை நீடித்தது. 2022 பிப்ரவரி, மார்ச்சில் ஒமைக்ரான் உச்சம் தொட்டபோதோ பள்ளிகள் திறந்தே இருந்தன. ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்ததால், பல பள்ளிகள் முறைவைத்து ஒவ்வொரு வகுப்பாக வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டி வந்தது.

கொரோனாவோடு இது முடிந்துவிடவில்லை. அதற்கு முன்பே 2019இல் நாட்டில் 2,000 பேருக்கு மேல் தட்டம்மை கண்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆக்லாந்துக்காரர்கள். 2024 நவம்பரில் கக்குவான் இருமல் தேசிய அளவில் கொள்ளைநோயாக அறிவிக்கப்பட்டது. தட்டம்மையில் புலம்பெயர்ந்த பணியாளர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1969இலோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் இரண்டு தவணை போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பிறந்து வளர்ந்தவர், குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் அட்டையை எங்கே போய்த் தேடுவார்? பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால், சான்று இல்லாதவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இதை வேலையில் சேரும் நாளிலேயே கேட்டு, ஊசியும் அங்கேயே போட ஏற்பாடு செய்தால் பிரச்னையே இல்லை.

அன்றாடப் பாடு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இந்நாட்டின் பெரும்பாலான வகுப்பறைகள் ஜன்னல் காற்றை நம்பியே கட்டப்பட்டவை. கோடையில் அது போதும். ஜூன் மாதம் வந்துவிட்டால் ஆக்லாந்தின் காலை ஈரமும் குளிருமாக இருக்கும், மழை சாய்வாக அடிக்கும். ஜன்னலைத் திறந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நடுங்குகிறாள், நோட்டு நனைகிறது. மூடினால் இருபத்தைந்து பேர் விட்ட மூச்சையே மறுபடி இருபத்தைந்து பேரும் இழுக்கிறார்கள். அறையில் ஹீட் பம்ப் ஓடுகிறதே என்று பெற்றோர் கேட்பார்கள். சுவரில் மாட்டிய ஹீட் பம்ப் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் உள்ள காற்றையே இழுத்துச் சூடாக்கித் திருப்பி விடுகிறது. நோயாளி ஒருவர் இருந்தால், அவருடைய மூச்சில் வந்த நுண்துளிகளை அது அறை முழுவதும் சுற்றி அனுப்பும்.

காற்று கெட்டிருக்கிறதா என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு சிறு கருவி இருக்கிறது, கரியமில வாயுவை அளப்பது. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு உண்டு. அறைக்குள் அந்த எண் 800க்குக் கீழே நின்றால் காற்று ஓரளவு நன்றாக மாறுகிறது என்று பொருள். ஏறிக்கொண்டே போனால், ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவர் நெஞ்சுக்குள் போகும் அளவும் ஏறுகிறது. பெருந்தொற்றின் நடுவே இத்தகைய கருவிகளும் காற்றுச் சுத்திகரிப்பான்களும் பள்ளிகளுக்கு வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கருவி பல அறைகளைச் சுற்றி வந்தது. ஒரு நாள் அளந்து, குறித்து, எடுத்துச் சென்றார்கள். குளிர்காலத்து மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் எண் என்னவாக இருக்கும் என்று அதில் நாள் முழுவதும் நிற்பவருக்குத் தெரியாது. சுத்திகரிப்பானின் வடிகட்டியை மாற்ற வேண்டிய காலம் வந்தபோது, அந்தச் செலவு யாருடையது என்ற கேள்வி எழுந்தது.

எல்லோரையும் விட மோசமான இடத்தில் நிற்பவர் டீச்சர் எய்ட். ஆசிரியராவது அறையின் முன்பக்கம் நின்று பேசலாம். தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைக்கு அருகில் உட்கார்ந்து ஊட்டிவிடுபவரும், கழிப்பறைக்கு அழைத்துச் சென்று உடை மாற்றுபவரும், அந்தப் பிள்ளை பயந்து அழும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்பவரும் எப்படி விலகி நிற்பார்? மழலையர் மையங்களிலும் இதே கதைதான். இரண்டு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்பது சட்டம். அந்த ஐந்து பேரும் முகக்கவசம் அணிய மாட்டார்கள், அணியவும் கூடாது. ஒமைக்ரான் காலத்தில் பள்ளிகளில்கூட 4ஆம் வகுப்பு முதல்தான் முகக்கவசம் கட்டாயம். மிக நெருக்கமாகக் கவனிக்க வேண்டிய சின்னஞ்சிறு பிள்ளைகளின் அறைகளில்தான் பாதுகாப்பு மிகக் குறைவாக இருந்தது. அந்த அறைகளில் நின்றவர்களுக்குத்தான் சம்பளமும் மிகக் குறைவு. மணிக்கணக்கில் கூலி, பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம். அடுத்த பருவத்தில் மணிநேரம் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் இருப்பவர் காற்றோட்டத்தைப் பற்றி எப்படி வாய் திறப்பார்? வேலை விசாவில் இருப்பவரின் பயம் அதைவிடப் பெரியது.

விடுப்பும் ஒரு சிக்கல். கட்டாயத் தனிமை 2023 ஆகஸ்டில் விலக்கப்பட்டது. அதன்பின் காய்ச்சலோடு வீட்டில் இருக்க வேண்டுமானால், சொந்த நோய் விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 10 நாள். இருமும் பிள்ளைகள் நடுவே நாளெல்லாம் இருந்து, அதே இருமலை வீட்டுக்குக் கொண்டுபோய், சொந்தப் பிள்ளைக்கு முடியாதபோதும் அந்தப் பத்து நாளிலிருந்தே எடுப்பவருக்கு, குளிர்காலம் முடியும் முன்பே அது தீர்ந்துவிடும். பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். வராவிட்டால் ரிலீவர் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது இரண்டு வகுப்பை ஒரே அறையில் அடைக்கிறார்கள். நோயால் ஆள் குறைந்த நாளில் அறையில் கூட்டம் கூடுகிறது என்றால், அந்த ஏற்பாட்டில் அடிப்படையிலேயே பிழை இருக்கிறது.

பொறுப்பில் இருப்பவர்கள் எதுவும் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு அலையின்போதும் பணியாளர் நலனே முதன்மை என்று சொல்லப்பட்டது. கருவிகள் வரும் என்றார்கள். வந்தவை காலம் தாழ்ந்தும், எல்லா அறைகளுக்கும் போதாமலும் வந்தன. பழைய கட்டடங்கள் படிப்படியாகச் சீரமைக்கப்படும் என்றார்கள். அந்தப் படிகள் எவை, எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. கலந்தாலோசித்தே முடிவெடுக்கப்படும் என்றார்கள். திறக்கும் தேதியைப் பெற்றோரைப் போலவே நாங்களும் தொலைக்காட்சியில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தொற்று தணிந்ததும் வாக்குறுதிகளும் தணிந்துவிட்டன.

இதற்கு ஓர் அமைப்புக் காரணம் உண்டு. 1989இல் வந்த சீர்திருத்தம் ஒவ்வொரு பள்ளியையும் அதன் சொந்த போர்டின் கையில் ஒப்படைத்தது. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் அந்த போர்டே பணியாளரின் பாதுகாப்புக்கும் பொறுப்பு. நாட்டில் ஏறத்தாழ 2,500 பள்ளிகள், ஏறத்தாழ அத்தனை போர்டுகள். கட்டட வல்லுநரும் மருத்துவரும் பெற்றோராக இருக்கும் பகுதியில் போர்டு ஒரு வாரத்தில் அறையை அளந்து, நிதி திரட்டி, கருவி வாங்கிவிடும். இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் பெற்றோர் நிறைந்த தெற்கு ஆக்லாந்தில் அது நடக்காது. தொற்றோ பெரும்பாலும் அங்குதான் கடுமையாக அடித்தது. ஒரு பணியாளரின் நுரையீரல் அவர் எந்தப் புறநகரில் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்துப் பாதுகாக்கப்படுவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

2015ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இயன்ற அளவு ஆபத்தை நீக்குவது வேலை தருபவரின் கடமை. பாதுகாப்பு முடிவுகளில் பங்கேற்பது தொழிலாளியின் உரிமை. கடும் ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வேலையை நிறுத்தவும் உரிமை உண்டு. இங்கிலாந்தில் 2021 ஜனவரி தொடக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இத்தகைய உரிமையைச் சுட்டிக்காட்டி வகுப்பறைக்குள் போக மறுத்தார்கள். ஜனவரி 4 அன்று திறந்த பள்ளிகளை மூடப்போவதாக அரசு அன்று மாலையே அறிவிக்க வேண்டி வந்தது. அந்த நிலைக்குப் போக நாங்கள் விரும்பவில்லை.

பள்ளியை மூடுங்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. 2021 முடக்கத்தின்போது தெற்கு ஆக்லாந்தின் மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் குடும்பத்துக்காக வேலைக்குப் போனார்கள், சிலர் திரும்பி வரவே இல்லை. தமிழ்நாட்டிலும் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் தேதி வரை பள்ளி வாசலை மிதிக்கவில்லை. அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை. 1947 இறுதியில் இந்நாட்டில் போலியோ பரவி, 1948இல் சில மாதங்கள் பள்ளி மூடப்பட்டபோது, பாடங்கள் அஞ்சலிலும் வானொலியிலும் போயின. பள்ளி மூடினால் பிள்ளைகள் என்ன இழப்பார்கள் என்பதை எங்களைவிட அறிந்தவர் இல்லை. பள்ளி திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், அதில் வேலை செய்வோர் பாதுகாப்பாக நிற்க வழி செய்யுங்கள் என்கிறோம்.

பெருந்தொற்றை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை 2024 நவம்பரில் வெளிவந்தது. இன்னொரு பெருந்தொற்று வரும், அதற்கு இப்போதே ஆயத்தமாக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த ஆயத்தம் வகுப்பறையிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு வகுப்பறையிலும் கரியமில வாயு அளவி நிலையாக மாட்டப்பட வேண்டும். அதன் எண்ணை அங்கே வேலை செய்யும் எவரும் பார்க்க முடிய வேண்டும். எண் வரம்பு மீறும் அறைகளின் பட்டியல் வெளியிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சரிசெய்யும் தேதி குறிக்கப்பட வேண்டும். செலவு போர்டின் தலையில் விழாமல் பொது நிதியிலிருந்து வர வேண்டும். ரிலீவர்களைப் பள்ளிதோறும் தேடாமல், வட்டார அளவில் நிலையான சம்பளத்தில் அமர்த்த வேண்டும். பணியிடத்தில் தொற்றிய நோய்க்கான விடுப்பைச் சொந்த விடுப்புக் கணக்கில் கழிக்கக் கூடாது. கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், வீட்டில் அத்தகையவரைப் பராமரிப்பவர்கள் ஆகியோருக்கு மாற்றுப் பணி என்ன என்பது அலை வருமுன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளியைத் திறக்கும் தேதி முடிவாகும் மேசையில் டீச்சர் எய்டுகளின் பிரதிநிதியும் உட்கார வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல, அரசின் சக்திக்கு மீறியதும் அல்ல. சில வாரக் கெடுவில் நாடு முழுவதும் பள்ளிப் பணியாளர்களில் பெரும்பாலோரைத் தடுப்பூசி போட வைக்க முடிந்தவர்களால், வகுப்பறைகளை அளந்து முடிக்கவும் முடியும். அடுத்த குளிர்காலம் இரண்டாம் பருவத்தோடு தொடங்குகிறது. பிள்ளைகள் ஏப்ரல் விடுமுறையில் இருக்கும் இரண்டு வாரம் அறைகள் காலியாகவே இருக்கும். கருவிகளை மாட்டும் வேலையை அப்போதே தெற்கு ஆக்லாந்தின் பள்ளிகளிலிருந்து தொடங்குங்கள், மற்ற பள்ளிகளுக்கான தேதிகளையும் அன்றே அறிவியுங்கள்.