'தாதிமைக்காவது' என்று சொல்லாதீர்கள்

"மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லையா? சரி, தாதிமைக்காவது விண்ணப்பித்து வை." தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. அதிலுள்ள 'ஆவது' எவ்வளவு தவறானது என்பதை ஓர் எடுத்துக்காட்டு மூலம் பார்ப்போம்.

கல்லீரல் நோயாளி ஒருவர் ரத்த வாந்தியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் தழும்பேறி இறுகினால், குடலிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தில் அழுத்தம் கூடும். வழி கிடைக்காத ரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களுக்குள் பாய, அவை புடைத்து ஒருநாள் வெடிக்கும். இன்றைய சிகிச்சை வசதிகள் இருந்தும், இப்படி ரத்தக் கசிவுக்கு ஆளாவோரில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினர் ஆறு வாரங்களுக்குள் உயிரிழக்கின்றனர்.

தாதியின் முதல் வேலை மூச்சுப்பாதையைக் காப்பது. வாந்தி நுரையீரலுக்குள் போகாதபடி நோயாளியை இடப்பக்கமாகத் திருப்பி, உறிஞ்சுகுழாயைத் தயாராக வைத்திருப்பார். அடுத்து, இரு கைகளிலும் பெரிய ஊசிக்குழாய்களைப் பொருத்தி, ரத்த வகைப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்புவார். வாய்வழி உணவும் நீரும் நிறுத்தப்படும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ரத்தம் இழப்பவருக்கு நாடித் துடிப்பு வேகமாகும் என்று பாடநூலில் படித்திருப்போம். ஆனால் இந்நோயாளிகளில் பலர் புரோப்பிரனலோல் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மருந்தை ஏற்கெனவே உட்கொள்பவர்கள். நாடி இயல்பாகத் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். குளிர்ந்த கைகளையும் குறையும் சிறுநீரையும் கண்டு தாதி உஷாராக வேண்டும்.

ரத்தம் ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். அளவுக்கு மீறினால் நாள அழுத்தம் கூடி மீண்டும் கசியலாம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 முதல் 8 கிராம் இருந்தால் பெரும்பாலும் போதும். நோயாளி திடீரெனப் பிதற்றினால், குடிபோதை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. குடலில் தேங்கிய ரத்தத்திலிருந்து உருவாகும் அம்மோனியாவைப் பழுதடைந்த கல்லீரல் அகற்றாததால் மூளை குழம்பியிருக்கலாம். அதோடு, ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமியாலும் கொழுப்புக் கல்லீரலாலும் இந்நிலைக்கு வருவோர் ஏராளம். வாழ்நாளில் மதுவைத் தொடாதவரையும் 'குடிகாரர்' என்று முத்திரை குத்துவது அநியாயம்.

எண்டோஸ்கோப்பி வழியாக நாளத்தைக் கட்டி ரத்தத்தை நிறுத்துபவர் மருத்துவர்தான். அச்சிகிச்சை பொதுவாக 12 மணி நேரத்துக்குள் செய்யப்படுகிறது. அதுவரை கட்டிலருகே நின்று, மாற்றங்களைக் கவனித்து, உரிய நேரத்தில் மருத்துவரை அழைப்பவர் தாதி. அவர் கவனிக்கத் தவறினால் மருத்துவரின் திறமைக்கு வேலையே இராது.

இரவுப் பணியும் முதுகுவலியும் இத்தொழிலில் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆனால் 'படிப்பு வராதவர்களுக்கான வேலை' என்ற பேச்சில் உண்மையில்லை. சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என மூன்று நிலைகளிலும் தாதிமை பயிலலாம்.

உயிரியலும் வேதியியலும் பிடித்த மாணவர்களே, விண்ணப்பத்தில் தாதிமையை முதல் விருப்பமாகக் குறிப்பிடுவது பற்றிச் சிந்தியுங்கள். பெற்றோர் இனி "தாதிமைக்கு விண்ணப்பித்துப் பார்" என்று சொல்லட்டும். அந்த 'ஆவது' வேண்டாம்.