உறையில் இல்லாத பெயர்: ரிச்சர்ட் ரைட்டை முன்வைத்து ஒரு வழக்கு

சென்ற மாதம் எங்கள் துறையின் வாராந்திரக் கலந்துரையாடலில் மூத்த ஆய்வாளர் ஒருவர் ராக் இசை ரசிகர்களைப் பற்றித் தீர்ப்பு ஒன்றை வழங்கினார். மேடையை விட்டு விலகியும் மறைந்தும் போன கலைஞர்களை எண்ணி உருகுவது சந்தை உற்பத்தி செய்து தரும் உணர்ச்சி. அதை ஆராயலாம், ஆனால் அதனிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்றார். அவர் காட்டிய சான்று, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட். 2008 செப்டம்பர் 15 அன்று காலமான அவருக்காக ஆண்டுதோறும் அந்நாளில் ரசிகர்கள் எழுதும் அஞ்சலிகள் சிலவற்றை வாசித்தும் காட்டினார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெறுவதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். நீளமானது, பொறுத்தருள்க.

ரைட்டைக் குறித்து ரசிகர்கள் கொண்ட கவலைக்குள் ஒரு கேள்வி இருக்கிறது: ‘அவர் எங்கே?’ எவர் செய்த வேலை எவர் பெயரில் வழங்குகிறது என்பதே அக்கேள்வியின் உட்பொருள். ராக் இசையைப் பற்றி எழுதும் புலமையுலகம் அதைக் கேட்கத் தவறியது. ரசிகர்கள் தவறவில்லை. என் வாதம் இவ்வளவுதான்.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். 1943-இல் பிறந்த ரைட், லண்டன் ரீஜண்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை பயிலச் சென்று, அங்கே ரோஜர் வாட்டர்ஸையும் நிக் மேசனையும் சந்தித்தார். ராக் இசைக்கு ஜாஸ் வழியாக வந்த செவி அவருடையது. 1973-இல் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் பத்துப் பகுதிகளில் ஐந்தில் இசையமைத்தோர் வரிசையில் அவர் பெயர் உண்டு. அதில் ‘பிரீத்’ பாடலின் சுரக்கூட்டு ஒன்று, மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தைக் கேட்டுத் தாம் பெற்றது என்று அவரே கூறியிருக்கிறார். ‘அஸ் அண்ட் தெம்’ பாடலின் பியானோ இசை, அந்தோனியோனியின் ‘ஸாப்ரிஸ்கி பாயிண்ட்’ திரைப்படத்துக்காக உருவாகி, இயக்குநரால் ஒதுக்கப்பட்டு, பின்னர் இங்கே வாழ்வு பெற்றது. 1971-இன் ‘எக்கோஸ்’ இருபத்து மூன்று நிமிடங்களுக்கும் மேல் நீளும் படைப்பு. அதன் தொடக்கத்தில் நீருக்கடியிலிருந்து எழுவதுபோல் ஒலிக்கும் அந்த ஒற்றைச் சுரம், பியானோவின் ஒரு கட்டையைச் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே அனுப்பிப் பெறப்பட்டது. அவ்வொலியைக் கேட்டவர் எவரும் மறப்பதில்லை. வாசித்தவர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

இம்மறதிக்கு நம் பங்களிப்பு பெரிது. நம் பல்கலைக்கழகங்களுக்குள் ராக் இசை பெரும்பாலும் இலக்கியத் துறைகளின் வாயில் வழியாகவே நுழைந்தது. இலக்கியத் துறை அறிந்த கருவி சொல். எனவே பாடல்வரிகளை நகலெடுத்து வகுப்பில் வழங்கினோம், உருவகங்களை எண்ணினோம். பிங்க் ஃபிளாய்டின் புகழ் உச்சத்தில் அதன் வரிகளை ஏறத்தாழ முழுமையாக எழுதியவர் வாட்டர்ஸ். வரிகளை மட்டும் படிக்கும் முறைக்கு ஓர் ஆசிரியர் தேவை. அந்த இருக்கையில் அவரை அமர்த்தினோம். எஞ்சிய மூவரும் பின்னணி ஆயினர்.

இம்முறை எதைக் காணத் தவறுகிறது என்பதற்கு ஒரே சான்று போதும். 1975-இன் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம், 1968-இல் குழுவை விட்டு நீங்கிய சிட் பாரெட்டின் இன்மையைச் சுற்றி அமைந்தது. அதன் வரிகளைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். ஆனால் ஆல்பத்தின் இறுதிப் பகுதி ரைட் தனியே இயற்றியது. அதில் சொற்களே இல்லை. இசை தேய்ந்து மறையும் கடைசிக் கணங்களில் அவர் விரல்கள், பாரெட் 1967-இல் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’ பாடலின் மெட்டிலிருந்து ஒரு துண்டை மெல்ல வாசித்துவிட்டு ஓய்கின்றன. இல்லாத நண்பனுக்கு அவனுடைய மெட்டையே திருப்பிக் கொடுக்கும் அச்செயல் எந்தப் பாடல்வரி நகலிலும் அகப்படாது. காது வைத்துக் கேட்ட ரசிகன் அதைக் கண்டுகொண்டான். வரிகளில் மூழ்கியிருந்த ஆய்வாளன் கோட்டைவிட்டான்.

நம் மொழியே இவ்வகைக் கலைஞருக்கு இரக்கம் காட்டுவதில்லை. நாகஸ்வரத்துக்கு ஆதார சுருதி தந்து நிற்பவரின் உழைப்பைக் கொண்டு ‘ஒத்து ஊதுதல்’ என்று ஒரு வசைச்சொல்லை ஆக்கி வைத்திருக்கிறோம். ஒத்து நின்றுபோனால் கச்சேரி என்ன ஆகும் என்பதை அச்சொல்லை ஆளும்போது எவரும் நினைப்பதில்லை.

இனி அந்த இன்மையின் கதைக்கு வருவோம். 1979-இல் ‘தி வால்’ ஒலிப்பதிவின்போது, வாட்டர்ஸின் வற்புறுத்தலால் ரைட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அச்செய்தி அப்போது வெளியே சொல்லப்படவில்லை. முதலில் வெளிவந்த பதிப்பில் அவர் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் 1980, 1981 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் அருகேயுள்ள யூனியன்டேல், லண்டன், டோர்ட்முண்ட் ஆகிய நான்கு இடங்களில் நடந்த 31 நிகழ்ச்சிகளிலும் அவர் மேடையில் வாசித்தார், ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட கலைஞராக. பேருருவ மேடையமைப்பின் செலவால் அந்நிகழ்ச்சிகள் நட்டத்தில் முடிந்தன. நட்டத்தில் பங்கில்லாத ரைட் ஒருவரே அதில் பணம் ஈட்டியவர் என்பது அடிக்கடி நகைச்சுவையாகச் சொல்லப்படும் செய்தி. எனக்கு அதில் நகைப்பதற்கு ஒன்றும் தென்படவில்லை. தாம் சேர்ந்து கட்டிய வீட்டில் ஒருவர் கூலியாளாக வேலை செய்தார்; எதிரே அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் அவரை இன்னும் வீட்டுக்காரர் என்றே எண்ணிக் கைதட்டினர். இல்லாத நண்பனுக்காக ஆல்பம் படைத்த அதே குழு, நான்கே ஆண்டுகளில் இன்னொருவரை இல்லாதவராக்கியது.

1983-இல் ‘தி ஃபைனல் கட்’ வந்தபோது அவர் அதில் அறவே இல்லை. ஹேமண்ட் ஆர்கனின் அந்த மூச்சு எங்கே போயிற்று என்று கேட்டவர் எவர்? இசைத் துறைப் பேராசிரியர்களா? ரசிகர்கள். அதே 1983-இல் தொடங்கி 1993 வரை இங்கிலாந்தில் ‘தி அமேசிங் புட்டிங்’ என்ற இதழைத் தம் கைப்பொறுப்பில் நடத்தியவர்களும் ரசிகர்களே. எந்தப் பதிவில் எவர் எதை வாசித்தார், எந்த இரவில் எந்தப் பாடல் இடம்பெற்றது என்னும் நுண்தரவுகள், மானியமும் மேற்கோள் மதிப்பெண்ணும் பெறாத இத்தகையோர் உழைப்பால் திரண்டவை. இன்று நாம் அவற்றை எடுத்தாள்கிறோம். எடுத்தாண்டுவிட்டு அவர்களை ‘ஆய்வுப் பொருள்’ என்கிறோம்.

1987-இல் அவர் திரும்பினார். அப்போதும் முழு உறுப்பினராக அன்று. 1994-இன் ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்தில் மீண்டும் இசையமைத்தார், பாடினார். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில் நின்றனர். மறு ஆண்டு டேவிட் கில்மோரின் இசைப் பயணத்தில் ரைட் உடன் சென்றபோது, அரங்கினர் தாமாகவே எழுந்து நின்று அவருக்குக் கரவொலி எழுப்பினர். அது ரைட்டைப் பெருவியப்பில் ஆழ்த்தியது, எங்களை அன்று என்று அவர் மறைவின்போது கில்மோர் எழுதினார். பிங்க் ஃபிளாய்ட் என்பது யார் என்ற சச்சரவில் ரைட்டின் பங்கு அடிக்கடி மறக்கப்பட்டது என்றும் அதில் வருந்தியிருந்தார். எழுந்து நின்றவர்கள் மறக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வது நம் கடமை. அந்தக் கரவொலி சந்தை உற்பத்தி செய்தது என்றால், அந்தச் சந்தையே கால் நூற்றாண்டுக்கு முன் அவர் பெயரை உறையில் அச்சிடாமல் விட்டதை எவ்வாறு விளக்குவது?

‘உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும்’ என்பது நம்மூர்ப் பழமொழி. 2016-இல் கில்மோர் பாம்பேயின் பழைய அரங்கில் மீண்டும் வாசித்தார். 1971-இல் நால்வரும் ‘எக்கோஸ்’ வாசித்துப் படமாக்கப்பட்ட அதே இடம். அங்கே அப்படைப்பை அவர் வாசிக்கவில்லை. அது ரைட்டும் தாமும் இசையால் நடத்திய உரையாடல்; வேறொருவர் கற்று அப்படியே ஒப்பிக்க இயலாது என்பது அவர் கருத்து. மறுபுறம் வாட்டர்ஸ், 2023-இல் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தைத் தனியே மறுபதிவு செய்து வெளியிட்டார். அதை எழுதியவர் தாமே என்றும் பேட்டியளித்தார். வாட்டர்ஸின் மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூற்றை அவர் அவ்வளவு துணிவாகச் சொல்ல ஏற்ற மேடையை, வரிகளையே படைப்பாகக் கொண்ட நம் போன்றோர் நாற்பதாண்டுகளாகக் கட்டிக்கொடுத்தோம் என்பதை மறுக்க முடியுமா?

எதிர்வாதங்கள் எழும். அவற்றில் இரண்டு வலுவானவை.

முதலாவது: 1979-இல் ரைட் உண்மையிலேயே பங்களிக்கவில்லையே? ஆம். அவர் மணவாழ்வு முறிந்துகொண்டிருந்தது, படைப்பூக்கம் வற்றியிருந்தது, இரண்டாண்டுகளுக்கு முன் வந்த ‘அனிமல்ஸ்’ ஆல்பத்திலேயே இயற்றியவராக அவர் பெயர் இல்லை. இதை ரசிகர்கள் மறைப்பதில்லை. ஆனால் ஒருவர் தளர்ந்த காலத்தைச் சுட்டி, அவர் நிமிர்ந்திருந்த காலத்து உழைப்பையும் கணக்கிலிருந்து நீக்குவது எந்த அறம்?

இரண்டாவது, இன்னும் கூர்மையானது: ரைட்டும் அவ்வளவு தூயவரா? ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பகுதியின் பியானோ அவருடையது. அதன் மேல் சொற்களின்றி உயர்ந்து கதறித் தணியும் குரல் கிளேர் டோரியுடையது. 1973-இல் அப்பதிவுக்கு அவர் பெற்றது 30 பவுண்டு. பாடியவராகப் பெயர் இருந்தது, இயற்றியவராக இல்லை. 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் உடன்பாடு ஏற்பட்டு, அதன்பின் ரைட்டோடு அவர் பெயரும் இடம்பெற்றது. ஆக, பெயர் மறுக்கப்பட்டவரின் பெயருக்கு அடியிலும் வேறொரு பெயர் முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் புதைந்திருந்தது. இது என் வாதத்தைக் குலைக்கவில்லை. அதன் எல்லையை விரிக்கிறது. ‘அவர் எங்கே?’ என்று ஒருமுறை கேட்டவன் அங்கேயே நிற்க முடியாது. அடுத்தவரையும் தேடியாக வேண்டும்.

இனி என் சொந்தக் கணக்கு. அன்றைய கலந்துரையாடலில் கடைசி வரிசையில் இளநிலை மாணவர் ஒருவர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் துறை நூலகத்தில் என் எம்.ஃபில். ஆய்வேட்டை எடுத்துப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். அதன் மூன்றாம் இயல் முழுவதும் ‘தி வால்’ பற்றியது. அந்நியமாதல், போர், தந்தையின் இன்மை என்று விரிவது. பக்கங்களைப் புரட்டிக் காட்டி, மரியாதை குறையாமல் கேட்டார்: “இதில் ரிக் எங்கே?”

நான் தேடிப் பார்த்தேன். ஒருமுறைகூட இல்லை. இன்மையைப் பற்றி ஓர் இயல் எழுதிய நான், அந்த ஆல்பத்தின் உறையிலிருந்தே ஒருவர் இல்லாமற்போனதைக் கவனிக்கவில்லை. வழிகாட்டியும் புறத்தேர்வாளரும் கவனிக்கவில்லை. பட்டம் வழங்கப்பட்டது. கவனித்தவர், அந்த இசையின் மேல் கொண்ட அன்பைத் தவிர வேறு தகுதிச் சான்று எதுவும் இல்லாத ஒரு ரசிகர்.

இங்கிலாந்தின் செல்வந்தக் கலைஞர் ஒருவருக்காக இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஏன் இவ்வளவு துடிப்பு என்று கேட்கலாம். அந்த உறையின் நோய் நம் கட்டுரைகளின் முதற்பக்கத்திலும் இருப்பதால்தான். களத்துக்குச் சென்று பேட்டி எடுத்தவர், அதை இரவெல்லாம் எழுத்தாக்கியவர், தரவுகளை அட்டவணைப்படுத்திய திட்ட உதவியாளர், பாதியில் ஆய்வை விட்டுப் போகநேர்ந்த சக மாணவி — இவர்களின் உழைப்பின் மேல் நின்று வாதத்தை முன்வைப்பவர் ஆசிரியர் ஆகிறார். மற்றவர்கள் நன்றியுரையின் கடைசி வரியில் ‘மற்றும் பலர்’ ஆகின்றனர். அவர்கள் எங்கே என்று கேட்க அவர்களுக்கு ரசிகர்களும் இல்லை.

ஆகவே வேண்டுகோள் இரண்டு. ராக் இசையைக் கற்பிக்கும் நண்பர்களே, அடுத்த முறை பாடல்வரி நகலை வழங்குமுன், பாடல்வரிகளே இல்லாத அந்த ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பகுதியை ஒலிக்கவிடுங்கள். எவர் வாசித்தார், எவர் பாடினார் என்று மாணவர்களைக் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். ஆய்வாளத் தோழர்களே, உங்கள் கடைசிக் கட்டுரையை எடுத்து, அதிலிருந்து எவர் விடுபட்டார் என்று ஒருமுறை தேடுங்கள்.

நான் என் மூன்றாம் இயலைத் திருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறேன். அம்மாணவரின் இசைவு பெற்று, அக்கேள்வி எவருடையது என்பதை அதன் முதற்பக்கத்தில் அவர் பெயரோடு குறிப்பேன்.