அலுமாரிக்குள் கிடக்கும் கைக்கணினி

 

நம் வீடுகளில் அலுமாரியைத் திறந்தால், பாவிக்காத கையடக்கத் தொலைபேசி ஒன்றோ இரண்டோ இல்லாமல் இராது. சவூதியிலோ கட்டாரிலோ வெயிலில் நின்று உழைத்த வாப்பாவோ நானாவோ வாங்கிவந்தவை அவை. "பழுதாகிவிட்டது" என்று சொல்லி வைத்திருப்போம். உண்மையில் அவற்றுட் பல பழுதானவை அல்ல. செய்த கொம்பனி அவற்றைக் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். பொருள் கெட்டுப்போவது வேறு, கொம்பனி கைவிடுவது வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் வீண்விரயமும் குறையும், பிள்ளைகளுக்கு ஒரு கல்வியும் கிடைக்கும்.

கணினிக்குள்ளே இருந்து அதன் உறுப்புகளையெல்லாம் வேலை வாங்கும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று இருக்கும். கொம்பனி இதனைப் புதுப்பிப்பதை நிறுத்தினால், நல்ல நிலையிலுள்ள கருவியும் காலப்போக்கில் செயலற்றதுபோல் ஆகிவிடுகிறது. இணையத்தளங்கள் இன்று கேட்கும் புதிய பாதுகாப்பு முறை அதற்குத் தெரியாது. ஆகவே பல பக்கங்கள் திறக்கமாட்டா.

இதற்கு வழி உண்டா? உண்டு. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள். தெரிந்தவர் எவரும் அதைத் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆதலால் லினக்ஸில் ஓடும் கைக்கணினியைக் கொம்பனி கைவிட்டாலும், வேறு இயங்குதளத்தை அதில் ஏற்ற வழி பிறக்கிறது.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் இந்தியாவின் சிம்ப்யூட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை, 2001இல் இதன் மாதிரியை வெளியிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தவரும் பாவிக்க வேண்டும் என்பதே நோக்கம். லினக்ஸில் ஓடியது. தமிழ், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. ஒரே கருவியை ஊரார் பலர் மாறிமாறிப் பாவிக்க, ஆளுக்கொரு ஸ்மார்ட் அட்டை என்ற ஏற்பாடும் இருந்தது. 2004இல் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 10,000 இந்திய ரூபாயிலிருந்து தொடங்கியது. ஏழைக்கென்று நினைத்த பொருள் ஏழையின் கைக்கு எட்டவில்லை. மலிவான கையடக்கத் தொலைபேசி முந்திக்கொண்டது. சிம்ப்யூட்டர் சந்தையிலிருந்து மறைந்தது. எண்ணம் நல்லதாயிருந்தும் விலை பொருந்தாவிட்டால் இதுதான் கதி.

ஜப்பானின் ஷார்ப் கொம்பனி 2002இல் சாரஸ் எஸ்.எல். 5500 என்ற லினக்ஸ் கைக்கணினியை விற்பனைக்கு விட்டது. அதற்கு ஆர்வலர்கள் 'ஓப்பன் சாரஸ்' என்ற மாற்று இயங்குதளத்தை உருவாக்கினர். 2007இல் அந்த முயற்சி முடிந்தபோது, வேலை 'ஆங்ஸ்ட்ரோம்' என்ற இன்னொன்றில் தொடர்ந்தது. நொக்கியா 2009இல் வெளியிட்ட என்900, மேமோ என்ற லினக்ஸில் ஓடியது. நொக்கியா வேறு வழியில் போய்விட்ட பின்னும், 'மேமோ லெஸ்டே' என்ற பெயரில் தொண்டர்கள் அதற்குப் புதிய இயங்குதளம் செய்கின்றனர். 2017இல் தொடங்கிய 'போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்.' என்ற திட்டமோ, ஒரு தொலைபேசி பத்தாண்டுகளாவது பயன்பட வேண்டும் என்பதையே இலக்காகக் கொண்டது. நம் அலுமாரியிலுள்ள அன்ட்ரோயிட் தொலைபேசிகளின் அடித்தளமும் லினக்ஸ்தான். அவற்றுட் சில மாதிரிகளும் இத்திட்டத்தின் பட்டியலில் உள்ளன.

ஆனால் சகோதரிகளே, அளவுக்கு மீறிய ஆசை வேண்டாம். பல கொம்பனிகள் தொலைபேசியின் தொடக்க நிரலைப் பூட்டி வைத்திருக்கின்றன. அது திறக்காவிட்டால் எதையும் ஏற்ற முடியாது. வைஃபை, கமரா போன்ற உறுப்புகளை இயக்கும் நிரல்களை மறைத்து வைத்திருப்பதால், புதிய இயங்குதளத்தில் அழைப்பு எடுப்பதும் படம் பிடிப்பதும் பல கருவிகளில் சரிவராது. என்900இன் நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. இன்றைய கனமான இணையப் பக்கங்களை அது தாங்காது. வங்கிக் கணக்கு, பணம் அனுப்புதல் போன்றவற்றைப் பழைய கருவியில் செய்யவே வேண்டாம்.

பின் எதற்குப் பயன்? கிறாஅத் கேட்கலாம். அகராதி வைத்துக்கொள்ளலாம். பிள்ளை தட்டச்சுப் பழகலாம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மகள், பைதன் மொழியில் சிறு நிரல்களை எழுதிப் பார்க்கலாம். இவற்றுக்கு இணையம் தேவையில்லை. மடிக்கணினி வாங்க வசதியில்லாத வீட்டில் இது சிறிய உதவியன்று. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கல்வி தேடுவதில் ஆண், பெண் பேதம் நம் மார்க்கத்தில் இல்லை.

முயல விரும்பினால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் பற்றரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் குத்தவோ, சார்ஜ் போடவோ, அடுப்பங்கரைக் குப்பையில் எறியவோ கூடாது. அடுத்து, உள்ளேயிருக்கும் படங்களையும் பத்திரங்களின் பிரதிகளையும் வேறிடத்தில் இரண்டு பிரதிகளாக எடுத்து வையுங்கள். பிறகு, மாதிரி இலக்கத்தைச் சரியாகப் பார்த்து, அதற்கென்றே செய்த இயங்குதளம் உண்டா என்று தேடுங்கள். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஏற்றினால் கருவி வெறும் கல்லாகிவிடக்கூடும். விற்பதானாலும் திருத்தக் கொடுப்பதானாலும், குடும்பப் படங்களை அழித்த பின்னரே கொடுங்கள். நம் மானம் அதற்குள்ளே இருக்கிறது.

பிரதி எடுத்து வையுங்கள் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சமூகம், காணி உறுதிகளையும் கலியாணப் படங்களையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு போனதை மறந்துவிட முடியாது. வன்னியில் எஞ்சியிருந்த தமிழ்ச் சகோதரிகளும் பின்னர் தம் பங்குக்கு எல்லாம் இழந்தார்கள். ஓமந்தையில் சோதனைச் சாவடி இருந்த காலத்தில், பையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் ஏ9 வீதியில் கடந்தோம். பற்றரிக்குத் தடையிருந்த நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட மக்கள் வாழ்ந்த மண் இது. இல்லாமையால் அன்று பொருளைக் காத்தோம். வசதி வந்தபின் எறிந்துவிடப் பழகிவிட்டோமே, அதுதான் கவலை.

பொருளும் அமானிதம், அதை வாங்கக் கடல்கடந்து சிந்திய வியர்வையும் அமானிதம். இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அலுமாரியைத் திறந்து பாருங்கள். உதவக்கூடியதை உதவ வையுங்கள். உதவாததை, இலத்திரனியல் கழிவு சேர்ப்பவர்களிடம் ஒப்படையுங்கள். கிணற்றடியில் புதைத்துவிடாதீர்கள், அதிலுள்ள நஞ்சு நாளை நம் தண்ணீரில் வரும்.

அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.