ரிசல்ட் சரியா? லேப் பிசினஸ் செய்திகள் கேட்க மறக்கும் ஒரு கேள்வி

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம், மாலைக்குள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும், 80 டெஸ்ட், பாதி விலை. இப்படி ஒரு விளம்பரம் வராத ஸ்மார்ட்போன் இன்று அபூர்வம்.

அதே லேப் துறையைப் பற்றி பிசினஸ் பக்கங்களிலும் தினம் ஏதாவது செய்தி வருகிறது. யார் யாரை வாங்கினார்கள், எத்தனை கலெக்‌ஷன் சென்டர் திறந்தார்கள், காலாண்டு லாபம் எவ்வளவு என்று.

விளம்பரம் வேகத்தையும் விலையையும் சொல்கிறது. செய்தி வளர்ச்சியைச் சொல்கிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் நம்பர் சரியா என்பதை மட்டும் இரண்டுமே பேசுவதில்லை. இதை யாரும் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

லேப் எப்படிச் சம்பாதிக்கிறது?

ஒரு பெரிய லேபுக்கு நிலையான செலவு அதிகம். மெஷின், குளிர்சாதன அறை, பயிற்சி பெற்ற டெக்னீஷியன், கையெழுத்துப் போட டாக்டர். பல இடங்களில் மெஷினை நிறுவனமே வைத்துவிட்டுப் போகும். பதிலுக்கு, பரிசோதனைக்கான ரசாயனத்தை அவர்களிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும்.

இத்தனையும் அமைந்த பிறகு, கூடுதலாக ஒரு டெஸ்ட் செய்ய ஆகும் செலவு ரொம்பக் குறைவு. அதனால் மெஷின் சும்மா இருக்கக் கூடாது. சாம்பிள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை இந்தியாவில் பெரிய அளவில் செய்து காட்டியவர் கோவை மாவட்டத்தில் பிறந்த வேலுமணி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர், 1996-ல் தைரோகேரைத் தொடங்கினார். நாடு முழுவதும் இருந்து சாம்பிளை விமானத்தில் வரவழைத்து, ஒரே மைய லேபில் மொத்தமாகப் பரிசோதிப்பது அவர் வழி. விலை இறங்கியது, எண்ணிக்கை ஏறியது. 2021-ல் ஃபார்ம்ஈஸியின் தாய் நிறுவனம் அதில் 66.1% பங்கை ரூ.4,546 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது.

டெஸ்ட் விலை குறைந்ததில் மக்களுக்கும் லாபம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் எண்ணிக்கையை நம்பி ஓடும் துறையில், தரத்தைக் கேட்க ஒருவர் வேண்டும் அல்லவா?

தெரனோஸ்: புகழ்ந்தவர்கள் பலர்

எலிசபெத் ஹோம்ஸ், 19 வயதில் ஸ்டான்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டு, 2003-ல் தெரனோஸைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தம் போதும், ஏராளமான டெஸ்ட்களைச் செய்துவிடலாம் என்பது அவர் சொன்னது. ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் போன்ற முன்னாள் அமைச்சர்கள் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். 2014-ல் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 900 கோடி டாலர்.

அந்த ஆண்டு ஜூனில் ஃபார்ச்சூன் இதழ் அவரை அட்டையில் போட்டது. மற்ற ஊடகங்களும் பின்தொடர்ந்தன. இளம் பெண் நிறுவனர், கறுப்பு டர்டில்நெக், பெரிய கனவு. எழுத நல்ல கதை. ஆனால் அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது, எத்தனை டெஸ்ட்கள் அதில் ஓடுகின்றன, மற்ற லேபுகளின் ரிசல்ட்டோடு ஒத்துப்போகிறதா? இதற்கெல்லாம் 'வர்த்தக ரகசியம்' என்பதே பதில். கட்டுரையாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் வால்கிரீன்ஸ் மருந்துக் கடைகள் வழியாக உண்மையான நோயாளிகளுக்கு டெஸ்ட் தொடங்கிவிட்டது.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

லேப் வேலை தெரிந்தவர்களிடமிருந்து. விரலை அழுத்தி எடுக்கும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடையலாம், உடைந்தால் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறும். இது லேப் ஆட்களுக்குப் பாடப்புத்தக விஷயம். 2015 பிப்ரவரியில் ஜான் அயோனிடிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், தெரனோஸ் தன் தொழில்நுட்பம் பற்றி சக ஆய்வாளர்கள் சரிபார்த்த ஆய்வு எதையும் வெளியிடவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் ஜான் கேரிரூவுக்கு முதல் தகவல் தந்தவரும் ஒரு நோயியல் மருத்துவர்தான். அதன் பிறகு கேரிரூ, தெரனோஸ் லேபில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பேசினார். வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலுக்கு நடுவிலும் டைலர் ஷுல்ட்ஸ், எரிகா சியூங் போன்ற இளம் ஊழியர்கள் உண்மையைச் சொன்னார்கள். டைலர், இயக்குநர் ஜார்ஜ் ஷுல்ட்ஸின் பேரன்!

2015 அக்டோபரில் செய்தி வெளியானது. பெரும்பாலான டெஸ்ட்களை தெரனோஸ் தன் மெஷினில் செய்யவே இல்லை, மற்ற நிறுவனங்களின் சாதாரண மெஷின்களில்தான் செய்தது என்பது அம்பலமானது. அந்தப் பத்திரிகையின் உரிமையாளர் ரூபர்ட் மர்டாக், தெரனோஸில் சுமார் 12.5 கோடி டாலர் போட்டிருந்தார். ஆனாலும் செய்தியைத் தடுக்கவில்லை.

2016-ல் தன் மெஷினில் செய்த இரண்டு ஆண்டு ரிசல்ட்களை நிறுவனமே ரத்து செய்தது. லேப் நடத்த ஹோம்ஸுக்கு இரண்டு ஆண்டு தடை வந்தது. 2018-ல் தெரனோஸ் மூடப்பட்டது.

தீர்ப்பு சொல்லும் பாடம்

2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. தண்டனை 11 ஆண்டு 3 மாதம். ஆனால் அவர் குற்றவாளி என்று முடிவானது முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றச்சாட்டுகளில். நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுகளில் அவர் விடுவிக்கப்பட்டார். அவருடைய கூட்டாளி சன்னி பால்வானியோ, தனியாக நடந்த விசாரணையில் இரண்டு வகையிலுமே குற்றவாளி என்று தீர்ப்பானது.

பணம் போட்டவரின் இழப்பை டாலரில் காட்டிவிடலாம். தப்பான ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்தவரின், தேவையில்லாத மாத்திரை சாப்பிட்டவரின் இழப்பு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. அதனால்தான் லேப் துறைச் செய்தியை முதலீட்டாளர் கண்ணோடு மட்டும் எழுதினால் போதாது.

நம்ம ஊரில் எப்படி?

இங்குள்ள லேபுகள் எல்லாம் தெரனோஸ் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவை உலகம் முழுக்கப் பயன்படும் அதே மெஷின்களில்தான் டெஸ்ட் செய்கின்றன. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

லேப் தவறுகளில் பெரும்பகுதி மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடக்கிறது. பெயர் மாறுவது, ட்யூப் மாறுவது, சாம்பிள் தாமதமாவது. உதாரணத்துக்கு, எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், அதிலுள்ள செல்களே சர்க்கரையைச் செலவழிக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7% வரை அளவு குறையலாம். அதற்காகத்தான் சாம்பல் நிற மூடி போட்ட ட்யூப். வீட்டிலிருந்து பைக்கில் போகும் சாம்பிள் எத்தனை மணி நேரத்தில் லேபை அடைகிறது என்பது, எத்தனை கலெக்‌ஷன் சென்டர் திறந்தார்கள் என்பதைவிட முக்கியமான செய்தி.

தமிழ்நாட்டில் லேப் நடத்த அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆனால் என்ஏபிஎல் அங்கீகாரம் வாங்குவது லேபின் விருப்பம். அந்த அங்கீகாரமும் லேப் மொத்தத்துக்கும் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட டெஸ்ட்களுக்குத்தான். வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் நாடு முழுவதும் உள்ள லேபுகள் சேரலாம். ஒரே சாம்பிளைப் பல லேபுகள் பரிசோதித்து, தங்கள் ரிசல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அது. ஒரு நிறுவனம் கைமாறும்போது, இந்த மதிப்பீட்டில் அதன் நிலை என்ன என்று கேட்கும் செய்தியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

டெஸ்ட் கூடினால் நல்லதுதானே?

லேப் நிறுவனங்களின் முதலீட்டாளர் அறிக்கைகளில் 'ஒரு நோயாளிக்கு இவ்வளவு வருமானம்' என்ற கணக்கு வரும். அது ஏறினால் நல்ல செய்தி என்று எழுதுகிறோம். பங்குதாரருக்கு நல்லதுதான். நோயாளிக்கு?

'நார்மல்' அளவு என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95% பேர் அடங்கும் எல்லை. அதாவது நல்ல உடம்போடு இருக்கும் 100 பேரில் 5 பேருக்கு அந்த டெஸ்ட் எல்லை தாண்டியே காட்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஆரோக்கியமான ஒருவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர சுமார் 64% வாய்ப்பு. 80 டெஸ்ட் பேக்கேஜில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நம்பருக்காக மறு டெஸ்ட், ஸ்கேன், தூக்கமில்லாத இரவு. டாக்டர் காரணத்தோடு எழுதிக் கொடுக்கும் நாலு டெஸ்ட்டுக்கும், ஆஃபரில் வரும் 80-க்கும் இதுதான் வித்தியாசம்.

என்ன செய்யலாம்?

வாசகர்கள் செய்யக்கூடியது எளிது. லேபின் பெயரை என்ஏபிஎல் இணையதளத்தில் தேடி, உங்களுக்குத் தேவையான டெஸ்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ரத்தம் எடுக்க வருபவரிடம் சாம்பிள் எப்போது லேபுக்குப் போகும் என்று கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் எல்லை தாண்டியிருந்தால் கூகுளுக்கு முன் டாக்டரிடம் போங்கள்.

ஊடகங்களின் வேலை இன்னும் பெரியது. ஐபிஓ வரும்போதும் நிறுவனம் கைமாறும்போதும் தரம் பற்றிய கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அங்கீகாரம் எத்தனை டெஸ்ட்களுக்கு இருக்கிறது, எத்தனை சாம்பிள்கள் கெட்டுப்போய் நிராகரிக்கப்பட்டன, எத்தனை ரிப்போர்ட்கள் பிறகு திருத்தப்பட்டன? சிஇஓவின் பேட்டியோடு நிற்காமல், லேபில் ட்யூபைக் கையாளும் டெக்னீஷியனிடமும் பேச வேண்டும். தெரனோஸ் விஷயத்தில் உண்மை வெளியே வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான்.