ஸ்டென்ட் வச்சாச்சு, கொலஸ்ட்ராலும் நார்மல்... அப்புறமும் ஆபத்து எங்கே இருக்கு?

அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது. மகனோ மகளோ ஆபீஸ் இடைவேளையில் அதைத் திறந்து, எல்.டி.எல். என்ற ஒரே வரியைத் தேடுகிறார்கள். 62. 'அப்பாடா, நார்மல்' என்று ஒரு தம்ஸ்-அப் போகிறது. போன வருஷம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறார். இனி என்ன கவலை?

கவலை அந்த ரிப்போர்ட்டின் மற்ற வரிகளில் இருக்கிறது. சில சமயம், ரிப்போர்ட்டிலேயே இல்லாத ஒரு வரியில்.

ஸ்டென்ட் சரிசெய்வது அடைபட்ட அந்த இடத்தை மட்டும்தான். நோய் மற்ற ரத்தக்குழாய்களிலும் இருக்கும். கொழுப்புப் படிவு என்றதும் தண்ணீர்க் குழாயில் உப்பு படிவதுபோல என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. குழாய்ச் சுவருக்குள் புகுந்த கொழுப்பை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கிவிட்டு அங்கேயே தங்கி, இன்னும் பல அணுக்களைக் கூப்பிடும் ரசாயனங்களைச் சுரக்கின்றன. இதுதான் அழற்சி. படிவின் மேல்மூடி இதனால் மெலிந்து, ஒருநாள் கிழிகிறது. அங்கே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

இந்த அழற்சிக்குத் தீனி போடுவதில் தொப்பைக்குப் பெரிய பங்கு உண்டு. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் வேலை செய்வதையும் கெடுக்கிறது. சர்க்கரை ஏறுகிறது, ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். இறங்குகிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற உடல்வாகு நம் ஊரில் சகஜம். எடை மெஷின் அதைக் காட்டிக்கொடுக்காது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை. பேன்ட் சைஸை நம்பக் கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுபவரின் பேன்ட் சைஸ் இருபது வருஷமாக மாறாமலேயே இருக்கும்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைத்து அளக்க வேண்டும்.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்றது அது. இதய நோயாளிகள் இந்தக் கூட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் அல்ல.

அழற்சியை அளக்க 'ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி.' என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் என்றால் அதிகம். ஸ்டாடின் மாத்திரை எடுக்கும் 31,245 பேரின் விவரங்களை அலசி 2023-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அடுத்த பாதிப்பை முன்கூட்டிக் காட்டுவதில் எல்.டி.எல்.-ஐவிட இந்த அளவே வலுவானது என்று கண்டது. அதற்காக ஸ்டாடினை நிறுத்திவிடக் கூடாது. அது கொழுப்போடு அழற்சியையும் ஓரளவு குறைக்கிறது.

அழற்சியைத் தனியாகக் குறைத்தால் பலன் உண்டா? 2017-ல் வெளியான கேன்டோஸ் ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர் அதில் இருந்தார்கள். கேனகினுமாப் ஊசியின் 150 மி.கி. அளவு, எல்.டி.எல்.-ஐத் தொடாமலேயே அடுத்த மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணங்களை 15% குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. இதயத்துக்கான மருந்தாக அது வரவில்லை. அடுத்த வருஷம் வெளியான ஆய்வில், இதய ரத்தக்குழாய் நோயோடு சர்க்கரையோ தொப்பைக் கோளாறுகளோ உள்ளவர்களிடம் மெத்தோட்ரெக்சேட் சோதிக்கப்பட்டிருந்தது. அழற்சியும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

இப்போது பேசப்படுவது கோல்ச்சிசின். கீல்வாதத்துக்கான பழைய, மலிவான மாத்திரை. 2019, 2020-ல் வந்த இரண்டு ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. 2023-ல் அமெரிக்காவில் இதய நோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் 2024-ல் சுமார் 7,000 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆக, இது எல்லோருக்கும் எழுதித்தர வேண்டிய மாத்திரை என்று இன்னும் சொல்ல முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளோடு சேரும்போதும் இது விஷமாகலாம்.

இந்த மருந்துப் பொருள் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காகவே பயிரிடுகிறார்கள். யூடியூப் வைத்தியத்தை நம்பி அந்தக் கிழங்கையோ விதையையோ யாரும் வாயில் வைக்கக் கூடாது. கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து.

புது மருந்துகளைவிட அவசரமாகத் தேவைப்படுவது அளவெடுக்கும் பழக்கம். ஸ்டென்ட் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பையில் ஒரு டேப்பும், வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பளவையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடையும் எழுத ஓர் அட்டையும் சேர்ப்பது அரசுக்குப் பெரிய செலவே இல்லை. தனியார் மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இடுப்பளவுக்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

அடுத்த ரிவ்யூவுக்கு அப்பாவோடு போகும்போது, ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சளி, காய்ச்சல், பல் வலி இருக்கும் நாளில் மட்டும் எடுக்க வேண்டாம், அளவு தாறுமாறாக ஏறும். 10-க்கு மேல் காட்டினால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. ஈறில் ரத்தம் வருகிறதா, பீடி சிகரெட் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டும் அழற்சியோடு தொடர்புள்ளவை.