பற்றரிக்கும் தாகமுண்டு

சென்ற மார்கழியில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த சம்பவம் இது. பிரசவ வேதனையில் துடித்த பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல, விடியற்காலைக் குளிரில் நண்பரின் காரை எடுத்தோம். கார் முனகியதேயன்றி அசையவில்லை. சரிவில் நாலுபேர் தள்ளிய பின்னரே உயிர்பெற்றது. தாயும் சேயும் பிழைத்தது இறைவன் கருணை.

பற்றரியைத் திறந்தபோது காரணம் விளங்கிற்று. ஈயத் தகடுகள் நீரின்றி வெளியே தெரிந்தன. குளிரில் பற்றரியின் வலு இயல்பாகவே குறையும். வறண்ட பற்றரி எங்ஙனம் தாங்கும்?

திறக்கக்கூடிய மூடியுள்ள பற்றரியாயின், மாதமொருமுறை பார்த்து, தகடுகள் மூழ்குமளவு காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். நம் மலையூற்று நீர் பளிங்குபோல் இருப்பினும், அதிற் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் சேர்க்க வேண்டாம், குறைவது நீரே. அருகில் நெருப்பும் ஆகாது. பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு வெடிக்கக்கூடியது.

முழுமையாக மின்னேற்றிய 12 வோல்ட் பற்றரி, ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். மின்னேற்றியும் நிலைக்காவிடின் மாற்றுவதே புத்தி. மாற்றுகையில் எதிர் முனையை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுக.

பழையதை ஓடையில் எறியாதீர். ஈயம் நஞ்சு, கீழேயுள்ள லயத்துப் பிள்ளைகள் அந்நீரைப் பருகக்கூடும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அவ்வீயம் உருகி மீண்டும் பற்றரியாகும்.

தள்ளிவிட நாலுபேர் எந்நேரமும் கிடைப்பார்களா?